எதற்கு என்று கேட்கிறவர்கள்

ஒரு மனிதனுடைய உற்சாகத்தைக் கொல்வதற்கு நம் ஊரில் துப்பாக்கி தேவையில்லை. "இதனாலே என்ன பிரயோஜனம்?" என்று ஒரு கேள்வி போதும். சத்தம் வராது, புகை வராது, ரத்தமும் வராது. கேட்டவர் காப்பியைக் குடித்துவிட்டுத் தம் பாட்டுக்குப் போய்விடுவார். கேட்கப்பட்டவன் மறு நாள் தன் வீணையையோ, தபால் தலை ஆல்பத்தையோ, ரோஜாத் தொட்டியையோ பார்க்கும்போது அது அவனுக்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

கதை எழுதுகிற என்னையும் இந்தக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோல் தடித்துவிட்டது. ஆனால் சமீபத்தில், உண்மையாகவே துப்பாக்கி வைத்திருக்கும் சிலரிடம் இதே கேள்வியைக் கேட்கப் பார்த்தேன். துப்பாக்கி வைத்திருந்தும் அவர்களால் தப்ப முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பயந்துவிட வேண்டாம். நான் சொல்வது ஏர் கன், காற்றுத் துப்பாக்கி. மெரீனா மணலில் பலகை நிறையப் பலூனைக் கட்டி வைத்துக்கொண்டு, "வாங்க சார், சுட்டுப் பாருங்க சார்" என்று கூப்பிடுகிறார்களே, அந்தக் கடையில் நீங்களும் ஒரு தடவையாவது அதைக் கையில் வாங்கியிருப்பீர்கள். வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். நெருங்கிய காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைத் துரத்திவிடும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

எங்கள் பேட்டையில் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நீளமான மொட்டை மாடியில் கூடுவார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ரிடையரான பெரியவர் ஒருவர், தையல் கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மாள், பாங்கில் வேலை செய்கிறவர், பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். ஆறாவது ஆசாமி நான். எனக்குக் குறி வராது. ஆகையால் மார்க்கு எழுதும் உத்தியோகத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுடுகிறவரைத் தாண்டி ஒருவரும் நிற்கக் கூடாது. குண்டு போடாத துப்பாக்கியைக் கூட மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் வரக் கூடாது. இந்த மூன்று சட்டங்களையும் பெரியவர் கலெக்டர் உத்தரவைப் போல் அமல் நடத்துகிறார்.

மாடியின் ஒரு கோடியில் மணல் நிரப்பிய பெட்டி. அதன்மேல் ஒரு காகித அட்டை. சுடுகிற இடத்திலிருந்து அதற்கு 10 மீட்டர் தூரம். அட்டையில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள். எல்லாம் சேர்ந்து 45.5 மில்லிமீட்டர்தான் அகலம். நடுவிலே பத்து மார்க்குக்கான புள்ளி. அதன் அகலம் எவ்வளவு தெரியுமா? 0.5 மில்லிமீட்டர்! பேனா முள் தொட்டு எடுத்த மாதிரி இருக்கும். ஒலிம்பிக் பந்தயத்தில் ரைபிளுக்கு வைக்கிற அளவும் இதுவேதான். பத்து மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு அந்தப் புள்ளியைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இருக்கிறது என்று நம்பித்தான் சுட வேண்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விசையை இழுத்ததும், குண்டு குழலை விட்டுப் புறப்படுவதற்குள்ளேயே, உள்ளே ஓடுகிற பிஸ்டன் துப்பாக்கியை முன்னும் பின்னும் ஓர் உலுக்கு உலுக்கிவிடும். இதை அடக்குகிறேன் பேர்வழி என்று இறுக்கிப் பிடித்தீர்களோ, தொலைந்தது! குண்டு ஒவ்வொன்றும் ஒரு திக்குக்குப் போகும். தூங்குகிற குழந்தையைத் தாங்குகிற மாதிரி, உள்ளங்கையில் இலேசாகக் கிடத்திவிட்டு, அது உலுக்குகிறபடி உலுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விட்டுவிட வேண்டும். தையல் கடைக்காரருக்கு இதைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று.

இந்த ஐந்து பேருக்கும் அவரவர் வாழ்க்கையில் சில மைல் கற்கள் உண்டு. டீச்சர் அம்மாள் சுட்ட பத்துக் குண்டும் முதல் தடவையாக நடுக் கறுப்புக்குள் விழுந்தது ஒரு மைல் கல். தையல்காரர் சுட்ட ஐந்து துவாரங்களையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூட முடிந்தது இன்னொரு மைல் கல். கண் புரை எடுத்துக்கொண்ட பிறகு, அறுபத்தெட்டாவது வயதில், நூற்றுக்கு 83 வாங்கினார் பெரியவர். அன்றைக்கு அந்த அட்டையை நாங்கள் கைக்குக் கை மாற்றி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். தட்டைத் தலை உள்ள குண்டு காகிதத்தைக் கிழிக்காது, வட்டமாக வெட்டியெடுத்துவிடும். அந்த வட்டம் கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா என்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். "தொட்டிருந்தால் 84, ஐயா" என்றார் தையல்காரர். "தொடவில்லை, 83தான்" என்று தமக்கே எதிராகத் தீர்ப்புச் சொன்னார் பெரியவர். பிறகு எல்லோரும் வடை சாப்பிட்டோம்.

இதிலே யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை 91 வாங்கினான். மாடியில் அதுவரை ஒருவரும் வாங்காத மார்க்கு. சந்தோஷம் தாங்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அடுத்த வாரம் அவனுடைய தகப்பனார் மாடி ஏறி வந்தார். நல்ல மனிதர், கோபக்காரர் இல்லை. பிள்ளையிடம் அக்கறை உள்ளவர்.

"ஏன் சார், இதுக்கு சர்டிபிகேட் ஏதாவது தருவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இங்கே தரமாட்டார்கள்" என்றேன்.

"காலேஜிலே ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டுன்னு சொல்றாங்களே? இவன் ஸ்டேட்டுக்குப் போவானா?"

எனக்கு என்ன தெரியும்? நான் மார்க்கு எழுதுகிறவன். ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. அன்றிலிருந்து பையன் சுட்ட ஒவ்வொரு குண்டும் அவனுடைய தகப்பனாருக்காகச் சுட்ட குண்டாயிற்று. ஒரு பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விட்டார்கள். நாலு மாதம் பணம் கட்டினார்கள். "மெடல் வாங்குகிற ஆள் இல்லை" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். துப்பாக்கியை விற்றாயிற்று. பையன் இப்போது மாடிப் பக்கம் வருவதில்லை. தெருவில் என்னைக் கண்டால், கடன் வாங்கினவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த 91 என்னுடைய நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அவனுக்குத்தான் அது இல்லாமற் போய்விட்டது.

தகப்பனாரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருடைய கையில் இருக்கும் அளவுகோலைத்தான் குற்றம் சொல்கிறேன். அது அவருடைய சொந்தச் சரக்கல்ல. நாம் எல்லோரும் சேர்ந்து செய்து கொடுத்தது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். தனி ஒருவராக ஓர் இந்தியர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2012-இல் லண்டனில் ககன் நாரங் அதே பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் ஒன்று, சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்று, ஆக இரண்டு வெண்கலம் வாங்கினார். மகிழ்ச்சிதான், நானும் கை தட்டினேன். ஆனால் அதன் பிறகு, ஏர் கன் என்றால் மெடல், மெடல் இல்லையென்றால் ஏர் கன் எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோமே, அந்தக் கணக்கு சரிதானா?

பாரிஸுக்கே போவோம். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த பெண். பாரிஸில் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டு சுட்டு 630.7 வாங்கினார். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. இவர் சுட்டது சராசரி பத்தரை! அதாவது அந்தப் பேனா முள் புள்ளியை, ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும், அறுபது தடவை தொட்டிருக்கிறார். கிடைத்தது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு முதல் எட்டுப் பேர்தான். உடனே நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? "அடடா, போச்சா?" என்றார்கள். என்ன போயிற்று என்று கேட்கிறேன். உலகத்தில் பத்துப் பேருக்குள் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை அறுபது தடவை தொட்டதற்குப் பெயர் போச்சு என்றால், எங்கள் பெரியவருடைய 83-க்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மெடல் என்பது மற்றவர்கள் எப்படிச் சுட்டார்கள் என்பதைப் பொறுத்தது; சில சமயம் இரும்பையும் ஸ்குரூவையும் பொறுத்தது. டோக்கியோவில் 2021-இல் பந்தயத்தின் நடுவே மனு பாக்கருடைய பிஸ்டல் மக்கர் செய்தது, நிமிஷங்கள் ஓடின, இறுதிச் சுற்று கை நழுவியது. மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் தனிப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியபோது, வெள்ளிக்கான போட்டியில் நீடிக்க அவருக்குக் குறைந்தது 0.1. மெடல் ஒன்றுதான் அளவு என்றால், டோக்கியோவில் அவர் ஒன்றுமில்லை, பாரிஸில் அவர்தான் எல்லாம் என்று ஆகும். ஆனால் பிஸ்டலைப் பிடித்த கை அதே கைதானே?

"அப்படியல்ல சார். இதிலே மனசு ஒருமைப்படுகிறது, படிப்புக்கு நல்லது" என்று எங்களுக்காக வக்காலத்துப் பேசுகிற சிநேகிதர்கள் சிலர் இருக்கிறார்கள். இவர்களிடம்தான் எனக்கு ஜாஸ்தி பயம். மெடல் கேட்டவர் முன் வாசலில் நின்று கேட்டார். இவர்கள் கொல்லைப் பக்கமாக வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். படிப்புக்கு நல்லது என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால், பரீட்சையில் மார்க்குக் குறைந்த அன்று துப்பாக்கியைப் பரண்மேல் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மனம் அடங்குவது உண்மை. மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தினால், நெஞ்சின் துடிப்பு துப்பாக்கியின் நுனியில் தெரியும். அந்தத் துடிப்போடு சமாதானம் செய்துகொள்வதுதான் ஆட்டமே. அதனால்தான் நெஞ்சுத் துடிப்பைக் குறைத்து நடுக்கத்தை அடக்குகிற மாத்திரைகளைத் துப்பாக்கிப் பந்தயத்தில் தடை செய்திருக்கிறார்கள். 2008-இல் அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டதற்காக வட கொரிய வீரர் ஒருவரிடமிருந்து இரண்டு மெடல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதிலே ஒன்று ஏர் பிஸ்டலுக்கு வாங்கினது. அமைதியைக் கடையில் வாங்கிக்கொண்டு வரக் கூடாது என்று சட்டம் போட்ட ஆட்டம் இது. அந்த அமைதியைக் கொண்டுபோய்ப் பரீட்சைக் கடையில் விற்கலாமா என்று கேட்கிறார்கள் நம்மவர்கள்!

இனி, எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. "துப்பாக்கி துப்பாக்கிதானே ஐயா? இன்றைக்குக் காகிதம், நாளைக்குக் குருவி" என்கிறார்கள். நியாயமான பயம். ஏர் கன் வாங்கினதும் மாமரத்தைத் தேடிப் போகிறவர்களை நானும் அறிவேன். செத்த மைனாவைக் காலைப் பிடித்துத் தூக்கி, "இது என்னுடைய முதல் வேட்டை" என்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவனுக்கும் அது ஒரு மைல் கல்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைச் சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: பத்து அடியில் உட்கார்ந்திருக்கும் மைனாவின் உடம்பு எத்தனை அகலம்? எங்கள் புள்ளி அரை மில்லிமீட்டர். அவன் சுட்டதை எங்கள் அட்டையில் சுட்டிருந்தால், வளையங்களுக்கு வெளியே விழுந்து பூஜ்யம் வாங்கியிருப்பான். குறி தெரியாதவனுக்குத்தான் உயிர் உள்ள இலக்கு வேண்டியிருக்கிறது. எங்கள் அட்டை பொய் சொல்லாது. மைனா செத்துவிழுந்து, அவன் சொல்லும் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது.

"சலீம் அலியும் ஏர் கன்னால் குருவி சுட்டவர்தானே?" என்று ஒரு பதிலை இவர்கள் தயாராக வைத்திருப்பார்கள். ஆமாம், சுட்டார். 1896-இல் பிறந்த அவர், சிறு பையனாக இருந்தபோது மாமா கொடுத்த ஏர் கன்னால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் கழுத்திலே மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். அங்கே மில்லர்ட் என்ற வெள்ளைக்காரர் அதன் பெயரைச் சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். பின்னாளிலும் ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டதுண்டு. ஆனால் அவரைச் சலீம் அலியாக ஆக்கியது "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியதுதான். சுட்டது மட்டும் போதும் என்றால், அந்த நாளில் ஏர் கன் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பையன்கள் எல்லோருமே பறவை நிபுணர்களாகியிருக்க வேண்டும்.

2021-இல் அருணாசலப் பிரதேசத்தில், பறவைகளைக் காப்பதற்காக ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை மாநில அரசு தொடங்கியது. கிழக்குக் காமெங் ஜில்லாவில் லும்டுங் என்ற கிராமத்தில் ஆரம்பமாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை ஜனங்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டை பரம்பரைப் பழக்கமாக இருந்த ஊர்க்காரர்கள் அவர்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம். காகிதத்தில் சுடத் தெரியாதவனும், சுட மனமில்லாதவனும் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவதே மேல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைனாவைத் தூக்கிக் காட்டுகிறவனும், மகனிடம் மெடல் கேட்கிறவரும் எதிரும் புதிருமான ஆட்களா? ஒருவன் கொடியவன், மற்றவர் சாது, சந்தேகமில்லை. ஆனால் இருவருக்கும் ஊருக்குக் காட்ட ஒரு பொருள் வேண்டும். துவாரம் விழுந்த காகிதம் இருவருக்கும் போதவில்லை.

துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரிய ராணுவம் கிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் படையிலே சேர்த்தது. மனிதர்களைக் கொல்வதற்காகத்தான் சேர்த்தது. பிறகு என்ன நடந்தது? இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்துத் தொழிலாளர்கள் சாயங்காலம் சாராயக் கடையில் கூடி, இரும்புத் தகட்டில் ஒரு சிறு துவாரம் போட்டு, அதன் பின்னால் மணியைக் கட்டி, ஏர் கன்னால் சுட்டு அந்த மணியை அடிக்கிற விளையாட்டாக அதை மாற்றினார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் பந்தயமாகவும் ஆயிற்று. கொலைக் கருவி ஒன்று மணி அடிக்கிற பொம்மையாகிவிட்டது! உலகத்திலே எத்தனை ஆயுதங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது? நாள் முழுவதும் பட்டறையில் உழைத்துவிட்டு வந்த மனிதன், மணி ஒரு தடவை கணீரென்று அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். அதற்கு அவனுக்குச் சம்பளம் இல்லை. அவனுக்குச் சம்பளம் கிடைத்த வேலைகள் எல்லாம் பகலோடு முடிந்துவிட்டன.

நமக்கும் பகல் முழுவதும் பிரயோஜனம்தான். ஆபீஸ், மாதாந்தரத் தவணை, பிள்ளைகளின் பீஸ், மாமியாருடைய மருந்து, எல்லாமே பிரயோஜனம். யாரும் இவற்றிலிருந்து ஓடிப் போகச் சொல்லவில்லை. ஆனால் வாரத்திலே ஒரு மணி நேரம், போன வாரம் 82 வாங்கிய நான் இந்த வாரம் 83 வாங்குவேனா என்று என்னோடு மட்டும் பந்தயம் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா? அந்த ஒரு மார்க்கை விற்று ஒரு பிடி உப்புக் கூட வாங்க முடியாது. வாங்க முடியாது என்பதால்தான் அதை யாரும் என்னிடமிருந்து கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது.

வீட்டுக்கு வீடு ஏர் கன் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் அது வேறு ஏதாவதாக இருக்கும். மகள் பின்னுகிற கம்பளிச் சட்டையாக இருக்கும். தம்பி பழுது பார்க்கிற பழைய ரேடியோவாக இருக்கும். மாமனார் ஐம்பதாவது தடவையாக எழுதிப் பார்க்கிற வெண்பாவாக இருக்கும். இன்றைக்கோ நாளைக்கோ அவர்களில் ஒருவர் எதையோ கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உங்களிடம் ஓடி வருவார். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல்தான் உங்களிடம் வருகிறார். அந்தச் சமயத்தில் தயவு செய்து "எதற்கு?" என்று கேட்காதீர்கள். "எத்தனை?" என்று கேளுங்கள். "போன வாரம் எத்தனை?" என்றும் கேளுங்கள். பிறகு, வடை இருந்தால் ஒன்று கொடுங்கள்.